திங்கக்கிழமையில மட்டும் சாகிற கார்

எனக்கு இருபத்தேழு வயசு. கராஜ் வேலையில இருந்து ரிட்டையர் ஆகி நாலு மாசம். சிரிக்கிறவை சிரிச்சிட்டு வாங்கோ. அஞ்சு வருஷம் ஒயிலுக்குள்ளயும் அசிட்டுக்குள்ளயும் கிடந்தவன் ஏசி ஒபிஸ்ல கதிரையில போய் இருந்தா அதுக்குப் பேர் ரிட்டையர்மென்ட்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில அவசரமா டைப் பண்ணுறன். எழுத்துப் பிழை இருந்தா பாத்தும் பாக்காம விடுங்கோ.

வெள்ளவத்தையில நான் வேலை செய்த கராஜுக்கு புதுசா ஒரு ஸ்கேனர் வந்திருக்காம். வயரைக் குத்தினா காருக்கு என்ன வருத்தம் எண்டு திரையில எழுதிக் காட்டுமாம். எனக்குப் பிறகு அங்க சேர்ந்த ரெண்டு பேர் போன கிழமை கோல் எடுத்தவங்கள்.

"அண்ணை, பற்றரி இறங்குற கார் ஒண்டு வந்திருக்கு. ஸ்கேனர் ஒரு பிழையும் இல்லை எண்டுது. நீங்கள் முந்தி அந்த வெள்ளைக் காரை என்னெண்டு பிடிச்சனீங்கள்?"

நான் பிடிக்கேல்ல மச்சான். மெரீனா அக்கா பிடிச்சவ. நான் செய்தது முழுக்கப் பிழை. போன்ல சொல்ல வெட்கமா இருந்தது, அதுதான் எழுதுறன்.

படிச்ச கதையைச் சுருக்கிறன். ஓட்டோ எலெக்ட்ரிக்கல் டிப்ளோமா, பட்ச்ல ரெண்டாவது. சேர்ட்டிபிகட்டை பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு, சேர்ட்டை உள்ள விட்டு, பந்தாவா கராஜ் வாசல்ல போய் நிண்டன். முதலாளி உள்ள திரும்பி, "மெரீனா, உமக்கு ஒரு ஆள்" எண்டார். ஒரு வானுக்கு அடியில இருந்து ரெண்டு செருப்பு வந்துது, பிறகு நீலக் காற்சட்டை, பிறகு ஒரு பொம்பிளை. முப்பத்தஞ்சு வயசிருக்கும். கொட்டாஞ்சேனை ஆள். அப்பா ஹாபர்ல கப்பல் வயரிங். அவவும் அங்கதான் வேலை பழகினவ. கழுத்தில சிலுவைச் சங்கிலி, காதில ஒரு சோக்குத் துண்டு. மற்றவை பென்சில் வைக்கிற இடத்தில அவ சோக்கு வைப்பா.

முதல் நாளே என்னட்ட மீட்டரைத் தந்தா. பற்றரியின்ர மைனஸ் வயரைக் கழட்டி, நடுவில மீட்டரைப் போட்டு, கார் சும்மா நிக்கேக்க எவ்வளவு கரண்ட் குடிக்குது எண்டு பாக்கிற வேலை. இது டிப்ளோமாவில முதலாம் பாடம். நான் போட்டன். போட்டிட்டு, எல்லாம் சரியோ எண்டு பாக்க சாவியைத் திருப்பினன். டப். மீட்டருக்குள்ள பியூஸ் போயிட்டுது. ஸ்டார்ட்டர் இழுக்கிற அவ்வளவு கரண்டும் அந்தச் சின்ன மீட்டருக்குள்ளால போகப் பாத்திருக்கு.

மெரீனா அக்கா மீட்டரை வாங்கி முகர்ந்து பாத்தா. ஏசேல்ல. "கொலேஜ்ல சாவிய எங்க வைக்கணும்னு சொல்லித் தரலியா?" எண்டு மட்டும் கேட்டா. அண்டையில இருந்து என்ர பேர் டிப்ளோமா. முதலாளியும் டிப்ளோமா, தேத்தண்ணிக் கடைக்காரரும் டிப்ளோமா.

பற்றரி இறங்குற காரை அவ பாக்கிற முறையைச் சொல்லாம விட ஏலாது. நான் கண்ட அதிசயம் அது. முதல்ல சாவியை வாங்கி காருக்குத் தூரமா ஆணியில கொழுவுவா. கதவைத் திறந்து வச்சு, பூட்டுற கொளுக்கியை ஸ்க்ரூட்ரைவரால அழுத்தி, கதவு மூடியிருக்கு எண்டு காரை நம்ப வைப்பா. மீட்டரைப் போடுவா. பிறகு ஒரு ஒயில் டின்னைக் கவிட்டு வச்சு, அதுக்கு மேல இருந்து பிளேன் ரீ குடிப்பா. மீட்டரைப் பாக்க மாட்டா. அரை மணித்தியாலம்!

நான் முதல் தடவை ரெண்டு நிமிஷத்திலயே, "அக்கா, ரெண்டு அம்பியர் காட்டுது, பிழை பிடிச்சிட்டன்!" எண்டு கத்தினன்.

"மெதுவா பேசு. இன்னும் தூங்கல."

"ஆர்?"

"கார்."

நான் சிரிச்சன். அவ சிரிக்கேல்ல. பதினைஞ்சு நிமிஷத்தில ரெண்டு அம்பியர் அரை அம்பியர் ஆச்சு. இன்னும் கொஞ்ச நேரத்தில எங்கயோ உள்ளுக்குள்ள டிக் எண்டு ஒரு ரிலே விட்டுது. நம்பர் சறுக்கி இருபத்தஞ்சு மில்லி அம்பியரில வந்து நிண்டுது. காருக்குள்ள இருக்கிற ஒவ்வொரு கண்ட்ரோல் பெட்டியும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ஓய்ஞ்சு போறதை நான் கண்ணால பாத்தன். அதுக்குப் பிறகும் கூட இழுத்தாத்தான் பிழை. அப்பதான் பியூஸ் ஒண்டொண்டாக் கழட்டி, எதைக் கழட்டினா நம்பர் விழுது எண்டு பாக்கலாம். நடுவில ஆரும் வந்து கதவைத் திறந்தா கார் முழிச்சிடும், திரும்ப அரை மணித்தியாலம். இதால முதலாளி கூட அவவின்ர காருக்குக் கிட்ட நுனிக்காலிலதான் நடப்பார். சத்தத்துக்கு கார் முழிக்காது எண்டு எனக்குத் தெரியும். ஆனா நானும் நுனிக்காலிலதான் நடந்தனான்.

இனி வெள்ளைக் கார்.

சிவபாதம் சேர் கணக்கு வாத்தியாரா இருந்து பென்சன் எடுத்தவர். கராஜுக்குப் பின் ஒழுங்கையில பிளட் ஒண்டில அவரும் ரீச்சரும் மட்டும். அவரின்ர மனிசியும் படிப்பிச்சவ, அதால எல்லாருக்கும் ரீச்சர். அவவுக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டுது. திங்களும் வியாழனும் காலமை களுபோவில ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ண வேணும். போகேக்க இருந்து போவா, வரேக்க சத்தி, தலைச்சுத்து, பின் சீற்றில படுத்துத்தான் வருவா. அந்தப் பழைய வெள்ளைக் கார் அந்த ரெண்டு நாளுக்காக மட்டும்தான் ஓடுறது.

ஒரு திங்கக்கிழமை கார் ஸ்டார்ட் எடுக்கேல்ல. ஒழுங்கைப் பெடியங்கள் தள்ளி விட்டிருக்கிறாங்கள். ஓடத் தொடங்கி அஞ்சு நிமிஷத்தில பாலத்தடி ஆமி செக் பொயின்ற். அங்க என்ன சொல்லுவாங்கள் எண்டு கொழும்பில இருக்கிற எல்லாருக்கும் தெரியும். எஞ்சினை நிப்பாட்டு, இறங்கு, ஐடி, டிக்கியைத் திற. சேர் நிப்பாட்டினார். செக் பண்ணி முடிஞ்சு போகச் சொன்னாங்கள். கார் எழும்பேல்ல.

வேற ஊரில அது பற்றரிப் பிரச்சினை. எங்கட ஊரில, செக் பொயின்றுக்கு நடுவில நிண்டு அசைய மாட்டன் எண்டுற தமிழ் ஆளின்ர கார். சேரைச் சுவரோட நிப்பாட்டி வச்சு ரெண்டு மணித்தியாலம் விசாரணை.

அடுத்த நாள் சேர் என்னட்ட வந்தார். மெரீனா அக்கா லீவு. நான் பற்றரியைப் பாத்தன், பழசு. புதுசு போட்டன். அல்ட்டனேட்டர் சரியாச் சார்ஜ் பண்ணுது. முடிஞ்சுது கதை. அதோட நிப்பாட்டியிருக்கலாம். என்ர படிப்பைக் காட்ட வேணுமே.

"சேர், திரும்பவும் இப்பிடி ஏதும் நடந்தா அவங்களுக்குக் காட்ட ஒரு கடிதம் தரட்டோ? இந்தக் காருக்கு மின்சாரக் கோளாறு இருந்தது, எங்கட கராஜ்ல திருத்தினது எண்டு."

சேரின்ர முகம் மலர்ந்துது. "நல்ல யோசனை தம்பி. மூண்டு பாஷையிலயும் இருந்தா நல்லம்."

கராஜ் லெட்டர்ஹெட்ல மூண்டு பாஷையிலயும் டைப் அடிச்சு, சீல் குத்தி, லாமினேற் பண்ணியே குடுத்தன். மூண்டு மட்டை, தகரம் மாதிரி. பெருமை எண்டா அப்பிடி ஒரு பெருமை.

அடுத்த திங்கள் புதுப் பற்றரி செத்துக் கிடந்துது. திரும்பவும் தள்ளி, திரும்பவும் அதே செக் பொயின்ற், எஞ்சினை நிப்பாட்டினது நிப்பாட்டினதுதான். இந்த முறை சேரை ஜீப்பில ஏத்திப் பொலிசுக்குக் கொண்டு போனவங்கள். ரீச்சர் வெயிலுக்க காருக்குள்ள மூண்டு மணித்தியாலம். பொலிஸ் சேரை விட்டு, ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரேக்க, அவவின்ர கட்டிலில வேற ஆள். திரும்பி வந்தவை. வியாழன் வரைக்கும் அவவுக்குக் காலும் முகமும் வீங்கி, படுத்தா மூச்சு எடுக்கேலாம, கதிரையில இருந்துதான் நித்திரை. வியாழன் பக்கத்து வீட்டு வான்காரர் கொண்டு போனவர். வழியில மூண்டு இடத்தில இறக்கினாங்களாம். இனி தன்னைக் கூப்பிட வேண்டாம் எண்டிட்டார்.

வெள்ளிக்கிழமை, நாங்கள் சார்ஜ் பண்ணிக் குடுத்த பற்றரியோட சேர் காரைக் கொண்டு வந்தார். இறங்கேக்க வழக்கம் போல கக்கத்தில ஒரு தடிச்ச பைல். மெரீனா அக்காவுக்கு முன்னால நிண்டு, வகுப்பில கணக்கு விளங்கப்படுத்துற மாதிரி மெதுவாச் சொன்னார்.

"பிள்ளை, இன்னொரு தரம் விட ஏலாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். நெஞ்சுக்குத் தண்ணி ஏறிடுமாம். அங்க நிக்கிற கோப்ரல், இன்னொரு தரம் நிண்டா காரையும் என்னையும் வச்சுக்கொள்ளுவன் எண்டவர். திங்கள் காலமை ஏழு மணிக்கு இது ஓட வேணும். அவ்வளவுதான்."

என்னை அவர் பாக்கவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மெரீனா அக்கா காரைப் படுக்க வச்சா. அரை மணித்தியாலம். இருபத்தஞ்சு மில்லி அம்பியர். ஒரு பிழையும் இல்லை. திரும்பக் கதவைத் திறந்து முழிக்க வச்சு, திரும்பப் படுக்க வச்சா. இருபத்தஞ்சு. பின்னேரம் மூண்டாம் தரம். இருபத்தஞ்சு. நிலத்தில சோக்கால அந்த நம்பரை மூண்டு தரம் எழுதிட்டு அதையே பாத்துக்கொண்டிருந்தா.

"மீட்டர் பிழையோ அக்கா?"

"மீட்டர் பொய் சொல்லாது. காரும் பொய் சொல்லாது. நாமதான் வேற கார பாத்துக்கிட்டு இருக்கோம்."

"இது அதே கார்தானே?"

"அதே காரா? நல்லா பாரு."

நான் நல்லாப் பாத்தன். வெள்ளைக் கார். அவவுக்கு விசர் எண்டு நினைச்சன்.

சனிக்கிழமை காலமை சேர் நிலவரம் கேக்க நடந்து வந்தார். கக்கத்தில அதே பைல். மெரீனா அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வச்சா. அவவின்ர கண் அந்தப் பைலில.

"சேர், வீட்டுல கார நிப்பாட்டுனா அந்த பைல் எங்க இருக்கும்?"

"காருக்குள்ளதான் பிள்ளை. முன்னுக்கு டாஷ்போர்ட் பெட்டிக்குள்ள. செக்கிங்ல கேட்டா உடன எடுத்து நீட்டோணும்."

"எப்பவுமா?"

"ஓம். வெளியில போறதெண்டா காரிலதானே போறனாங்கள். அதை அதுக்கயே விட்டிடுவன்."

"இங்க கார விட்டுட்டுப் போறப்ப?"

சேர் ஏதோ குழந்தைப் பிள்ளை கேட்ட கேள்வி மாதிரி அவவைப் பாத்தார். "இதை இங்க விட்டிட்டு நான் ரோட்டால நடக்கேலுமே?"

மெரீனா அக்கா எழும்பினா. "சேர், வீட்டுல எப்படி வைப்பீங்களோ, அப்படியே வைங்க. ஒண்ணையும் மாத்தாதீங்க."

சேர் பைலைப் பெட்டிக்குள்ள தள்ளி, மூடியைக் கையால அழுத்தினார். மூடேல்ல. முழங்காலைக் குடுத்து அழுத்தினார். கிளிக் எண்டுது. இடது பக்க மூலை மட்டும் ஒரு பெருவிரல் அளவு வெளியில தள்ளிக்கொண்டு நிண்டுது. "ஒவ்வொரு தரமும் இதே பாடுதான்" எண்டார்.

பிறகு அரை மணித்தியாலம். அவ்வளவு நீளமான அரை மணித்தியாலத்தை நான் காணேல்ல. காகிதம் காருக்குள்ள, காருக்குக் கிட்ட ஆரும் போகக் கூடாது. ரோட்டில ஒரு ஜீப் போனாலும் சேரின்ர கை தானா கக்கத்துக்குப் போகும், அங்க ஒண்டும் இருக்காது. மெரீனா அக்கா தன்ர பிளேன் ரீயை அவருக்குக் குடுத்தா. அவர் குடிக்கேல்ல, பிடிச்சுக்கொண்டு நிண்டார்.

ரிலே டிக் எண்டுது. நம்பர் விழுந்துது. ஆனா இருபத்தஞ்சுக்கு வரேல்ல. நானூத்தி முப்பதில நிண்டுது. அசையேல்ல.

அவ பியூஸ்களைக் கழட்டத் தொடங்கினா. ஏழாவதில நம்பர் இருபத்தஞ்சுக்கு விழுந்துது. உள் லைட்டுகளுக்கான பியூஸ்.

"ரூம் லைட் ஓஃப்தானே அக்கா?" எண்டன்.

"அந்த பியூஸைத் திரும்ப போடு. ஷட்டர இறக்கு."

போட்டன், இறக்கினன். கராஜ் இருட்டாச்சு. அப்ப கண்டன். அந்தப் பெருவிரல் இடைவெளிக்குள்ளால நூல் மாதிரி ஒரு மஞ்சள் வெளிச்சம். டாஷ்போர்ட் பெட்டிக்குள்ள ஒரு குட்டி பல்ப் இருக்கு, மூடி முழுசா மூடி சுவிச்சை அமத்தினாத்தான் அது அணையும். சுவிச் இருக்கிறது இடது மூலையில.

"கைய வச்சுப் பாரு, டிப்ளோமா."

மூடிக்கு மேல கையை வச்சன். இளஞ்சூடு, அப்பதான் குடிச்சு வச்ச தேத்தண்ணிக் கோப்பை மாதிரி. மெய் சிலிர்த்துது. சும்மா எழுதுற சொல் இல்லை இது, மயிர் எல்லாம் நட்டுக்கொண்டு நிண்டுது. பூட்டின காருக்குள்ள, ஆரும் இல்லாத நேரத்தில, அந்தக் காகிதங்களுக்கு இரவு பகலா ஒரு லைட் எரிஞ்சு கொண்டிருந்திருக்கு.

கணக்கு நான் போட்டன், அதுக்கு மட்டும்தான் நான் லாயக்கு. அவவின்ர சோக்கை வாங்கி நிலத்தில எழுதினன். வியாழன் மத்தியானத்தில இருந்து திங்கள் காலமை வரைக்கும் தொண்ணூறு மணித்தியாலம். பற்றரி நாப்பது அம்பியர்-மணி. தொண்ணூறு மணித்தியாலத்தில அதில முப்பத்தொன்பதை இந்த லைட் குடிச்சு முடிச்சிடும். திங்களில இருந்து வியாழனுக்கு எழுபதுதான், கஷ்டப்பட்டு எழும்பிடும். அதுதான் கார் திங்கக்கிழமையில மட்டும் செத்தது. சேர் குனிஞ்சு பாத்து, "கணக்குச் சரி" எண்டார்.

மெரீனா அக்கா பெட்டியைத் திறந்து பைலை எடுத்தா. "சேர், இதுல எதையாவது கொறைக்கலாமா?"

சேர் பொனட்டுக்கு மேல ஒண்டொண்டா அடுக்கினார். ஐடி கொப்பி. பொலிஸ் பதிவு, பழசும் புதுசும். பிளட் சொந்தக்காரரின்ர கடிதம். கிராமசேவகர் கடிதம். பென்சன் புத்தகம். ரீச்சரின்ர கிளினிக் புத்தகம் நாலு. முதல் தரம் பிடிச்சு விட்டதுக்கு ஒரு துண்டு, அதின்ர கொப்பி. ரெண்டாம் தரம் விட்டதுக்கு இன்னொரு துண்டு, அதின்ர கொப்பி. எல்லாத்துக்கும் கீழ, பெட்டியின்ர இடது மூலைக்குப் போற பக்கமா, லாமினேற் பண்ணின மூண்டு மட்டை.

என்ர கடிதம்.

முந்தி அந்த மூலை சில நாள் அமத்தியிருக்கும், சில நாள் விட்டிருக்கும். நான் குடுத்த தகர மட்டைக்குப் பிறகு ஒரு நாளும் அமத்தியிருக்காது. மெரீனா அக்கா அந்த மட்டையைப் பாத்தா, என்னைப் பாத்தா. சேரும் பாத்தார். "இதையும் வைக்கத்தான் வேணும் பிள்ளை, ரெண்டாம் தரம் இதைக் காட்டித்தான் என்னை விட்டவங்கள்" எண்டார். அவர் அதை உண்மையாச் சொன்னாரோ எனக்காகச் சொன்னாரோ எனக்கு இண்டைக்கும் தெரியாது.

ஒரு காகிதமும் குறையேல்ல. மெரீனா அக்கா பல்ப்பைக் கழட்டி அவரின்ர உள்ளங்கையில வச்சா. "காகிதம் இருக்கட்டும். லைட் வேணாம்."

"லைட் ஏன் எரியேல்ல எண்டு கேட்டா?" எண்டார் சேர்.

"நான் வேணுமெண்டா ஒரு கடிதம்..."

"டிப்ளோமா, வாய மூடு."

திங்கக்கிழமை நானும் கூடப் போனனான். காலுக்குக் கீழ ஜம்பர் வயர், மடியில ஒரு ஸ்பெயார் பற்றரி. வீட்டில சாவியைத் திருப்பின உடன பிடிச்சுது. அது எனக்குப் போதாது. பாலத்தடி வந்துது. அதே கோப்ரல். காரைக் கண்டதும் ரெண்டு அடி பின்னுக்குப் போனான்.

"மேக்க ஆயெத் ஆவத?" திரும்பவும் இது வந்திட்டுதா எண்டு சிங்களத்தில.

எஞ்சினை நிப்பாட்டச் சொன்னான். சேர் நிப்பாட்டினார். பின் சீற்றில ரீச்சர் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டுது. காகிதம் எல்லாம் பொனட்டுக்கு மேல போச்சு. மடியில என்ன எண்டு என்னட்டக் கேட்டான். பற்றரி எண்டன். என்ர கடிதத்தைத் தூக்கிப் பாத்து, இது ஆர் எழுதினது எண்டான். மம, எண்டன், நான்தான். கார் இப்ப சரியோ எண்டான். ஹரி சேர், எண்டன், சரி எண்டு.

"பலமு" எண்டான். பாப்பம்.

சேர் சாவியைத் திருப்பினார்.

பிடிச்சுது. ஒரே இழுவையில. எஞ்சின் துடிக்க, பொனட்டில பரப்பியிருந்த அத்தனை காகிதமும் நடுங்கத் தொடங்கிச்சு, என்ர மூண்டு மட்டையும் சேர்த்து. ஒண்டு கீழ விழப் பாத்துது, கோப்ரல் கையால அமத்திப் பிடிச்சான். பிறகு தானே எல்லாத்தையும் சேர்த்து அடுக்கி, ஜன்னலுக்குள்ளால நீட்டினான். யன்ன, எண்டான், போங்கோ எண்டு.

பாலம் கழிஞ்சுது. காலமை தொட்டு ஒரு சொல் சொல்லாத ரீச்சர் பின்னால இருந்து சொன்னா: "இஞ்சேருங்கோ, அந்தத் தம்பியை மூச்சை விடச் சொல்லுங்கோ."

ஏழு இருபதுக்கு அவவைச் சக்கர நாற்காலியில உள்ளுக்குக் கொண்டு போனவை. நான் ஓடிப் போய் வாசல் கடையில இருந்து கராஜுக்கு கோல் எடுத்தன்.

"அக்கா! ஸ்டார்ட் எடுத்துது! செக் பொயின்ற்லயே, ஒரே இழுவை!"

"அது எடுக்கும். அவங்க உள்ள போயிட்டாங்களா?"

"ஓம் அக்கா. கட்டிலும் கிடைச்சுது."

அந்தப் பக்கம் அவ தேத்தண்ணியை ஒரு வாய் குடிக்கிறது கேட்டுது.

"சரி, வா" எண்டா. "இங்க ஒரு கார் தூங்கப் போட்டிருக்கேன். சத்தம் போடாம வா."